இரண்டு விரல் இடைவெளி

சாக்கடை அடைத்துக்கொண்டால் கையை விட்டு எடுக்கிற பெண்தான் சங்கவி. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே போடுவாள். கையைக் கழுவிவிட்டு விட்ட இட்லியைத் தொடர்வாள். அப்படிப்பட்டவளுக்கு அந்த ஐப்பசியிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பார்த்தால் மட்டும் வயிற்றைப் புரட்டியது. மழமழவென்று, ஒரு நடுக்கமும் இல்லாமல், புறப்பட்ட இடத்துக்கே பிசகாமல் வந்து சேர்கிற கறுப்புக் கோடு. பால் பாக்கெட்டில் சிரிக்கும் பசுவின் முதுகுக் கோடு கண்ணில் பட்டாலே பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிடுவாள். பதினாறு வருடம் அந்தக் கோட்டைப் போட்டே சாப்பிட்டவள் என்று தெரிந்தால், இது கொஞ்சம் அதிகம்தான் என்று தோன்றும். நடந்ததைக் கேட்டபிறகு போதாது என்றும் தோன்றலாம்.

கோயம்புத்தூர் பீளமேட்டில் ‘தெளிகோடு’ என்ற நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்கு வேலை. ஆரம்பத்தில் குழந்தைகள் புத்தகங்களுக்கு முயலும் யானையும் குடை பிடித்த தவளையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ பென்சிலில் கிறுக்கிய படத்தைக் கீழ் லேயரில் மங்கலாக வைத்துக்கொண்டு, மேலே புள்ளி புள்ளியாக வைத்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் முளைக்கிற கைப்பிடிகளை இழுத்து வளைத்துச் சுத்தமான வெளிக்கோடு எடுக்க வேண்டும். புள்ளி எவ்வளவு குறைவோ கோடு அவ்வளவு அழகு. மற்றவர்கள் ஐந்து புள்ளி வைத்துத் திணறுகிற முயல் காதைச் சங்கவி இரண்டே புள்ளியில் முடித்துவிடுவாள்.

பிறகு கோடுருச் சட்டம் வந்தது. முயல்கள் போய் மனிதர்கள் வந்தார்கள்.

இனி எந்த நீதிமன்றத்திலும் வீடியோவை அப்படியே காட்டக் கூடாது. உரிமம் பெற்ற மனிதர் ஒருவர் அதன்மேல் வெளிக்கோடு வரைந்து, நான் கண்டது இதுவே என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். தீர்ப்புச் சொல்கிறவர்கள் அந்தக் கோட்டுப்படத்தை மட்டும் பார்க்க வேண்டும். இதுதான் சட்டம். மாநிலத்தில் மொத்தம் நாலு நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்தது. தெளிகோடு அதில் ஒன்று. வரைகிறவருக்குப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, வழக்கு என்னவென்று தெரியாது. சத்தத்தையும் உருவிவிட்டு, ஊமைக் காட்சியும் ஓர் எண்ணும் மட்டும் வரும். படம் சரி என்று பரிசோதகர் பொத்தானை அமுக்கிய அந்தக் கணமே மூல வீடியோ அழிந்துவிடும். வெளியே கசிந்து யார் மானமும் போய்விடக் கூடாதல்லவா, அதற்காக. எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்ததுதான். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் யாராவது முன்பே கண்டுபிடித்திருப்பார்கள்.

தெளிகோட்டின் பரிசோதகர் சங்கவி. வரைவதும் உண்டு, அடுத்தவர் வரைந்ததைத் திருத்தித் திருப்பி அனுப்புவதும் உண்டு. ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருந்த பதினொரு விதிகளை எழுதியதே அவள்தான். அதில் ஏழாவது விதியின்மேல் அவளுக்குத் தனிப் பிடிவாதம். இரண்டு உருவங்களின் கோடுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கக் கூடாது. உரசினால் எது யாருடைய கை, எது யாருடைய முதுகு என்று பார்க்கிற கண்ணுக்குக் குழப்பம். ஒன்று, ஓர் உருவம் இன்னொன்றின் மேலேறி நன்றாக மறைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பிரித்துவிட வேண்டும். இப்படி உரசி நிற்பதை அந்த மாடியில் ‘ஒட்டு’ என்பார்கள். தேவையில்லாத மடிப்பு, கறை, சுருக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘அழுக்கு’ என்று பெயர். ஜெபராஜ் என்கிற தூத்துக்குடிக்காரனுக்கு அவள் ஒட்டுக்காக மட்டும் திருப்பி அனுப்பிய படங்கள் இருநூறைத் தாண்டும். அவனும் முகம் சுளிக்காமல் திருத்தித் திருத்தி, கடைசியில் அவளுக்கு அடுத்தபடி சுத்தமாகப் போடுகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டான்.

வழக்கு எண் 4417 பங்குனியில் வந்தது. பதினான்கு விநாடிக் காட்சி, பக்கவாட்டில் எடுத்தது. ஏதோ ஒரு பட்டறை, ஆவி பறக்கிற பெரிய தொட்டி, விளிம்பில் எட்டிப் பார்த்து நிற்கும் ஒருவன், அவனுக்குப் பின்னால் வந்து நிற்கும் இன்னொருவன். முன்னால் நின்றவன் உள்ளே விழுகிறான். மேலே வந்து விளிம்பைப் பிடிக்கிறான். கையின் தோல் விளிம்பிலேயே தங்கிவிட, கை மட்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது.

சங்கவி அதற்கும் கோடு போட்டாள். நூற்று அறுபத்தெட்டுப் படங்கள், நாலு நாள் வேலை. தோல் அழுக்கில் சேர்த்தி, அதை எடுத்துவிட்டாள். திறந்த வாய்க்கு நாலு புள்ளி. வலது கையில் பேனா இருந்ததால் இடது கையில் ஸ்பூன் பிடித்து எலுமிச்சை சாதம் தின்றுகொண்டே போட்டாள். எண்ணைத் தவிர எதுவும் தெரியாது என்பதால் மனசில் எதுவும் ஒட்டவில்லை. ஆறு வருடத்தில் அவளுக்குக் கை பழகிப்போயிருந்தது. இப்படிப் பழகுவதற்கு நிறுவனம் ஒரு விருதும் கொடுத்திருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் மதியம் நிர்வாகி சிவசண்முகம் எல்லாரையும் ஹாலில் கூட்டினார். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு டப்பா. தீர்ப்பு ஒன்றில் நம் படத்தை நீதிபதிகள் பெயர் சொல்லிப் பாராட்டியிருக்கிறார்கள், இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை என்று சொல்லி, எல்லார் கையிலும் ஒரு துண்டு வைத்துவிட்டு, வாசித்தார்.

“வழக்கு எண் 4417. சாயப்பட்டறைத் தொழிலாளி பூபதி கொதிக்கும் தொட்டியில் விழுந்து இறந்தது தொடர்பாக, மேற்பார்வையாளர் மகுடீஸ்வரன் அவரைத் தள்ளிவிட்டார் என்ற குற்றச்சாட்டு. படத்தில் இருவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி தொடக்கம் முதல் இறுதிவரை ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. ஆகவே இறந்தவர் தாமாகவே தவறி விழுந்தார் எனக் கொள்கிறோம். படத்தின் தூய்மையை இம்மன்றம் பாராட்டுகிறது.”

கைதட்டினார்கள். சங்கவியின் வாயில் மைசூர்பாகு பாதி கரைந்திருந்தது. இரண்டு விரல் என்ற சொல் காதில் விழுந்ததும் கை தானாக மேசைமேல் ஒரு புள்ளியைப் பிடித்து இடப்பக்கம் இழுப்பதுபோல அசைந்தது. எண்பத்தொன்றாவது படத்திலிருந்து எண்பத்தொன்பதுவரை, ஒன்பது படங்கள். பின்னால் நின்றவனுடைய உள்ளங்கை முன்னால் நின்றவனுடைய முதுகில் பதிந்திருந்தது. பனியன் அந்த இடத்தில் அமுங்கி, விரல்களுக்கு நடுவே சின்னச் சின்னதாக மடிப்புத் தெரிந்தது. மடிப்பு அழுக்கு, அதை எடுத்தாள். கை ஒட்டு, அதைப் பிரித்தாள். ஒன்பது தடவை, ஒரே மாதிரி, சீட்டியடித்துக்கொண்டு.

அவள் வாஷ்பேசினுக்கு ஓடினாள். மைசூர்பாகைத் துப்பியபிறகும் நெய் போகவில்லை. அண்ணத்தில், பல்லிடுக்கில், நாக்கடியில் வழவழவென்று ஒட்டிக்கொண்டு நின்றது. விரலை விட்டுத் தேய்த்தாள். விரலைப் பார்த்ததும் எலுமிச்சை சாதம் ஞாபகம் வந்து மொத்தமும் வெளியே வந்தது.

சிவசண்முகத்தின் அறைக்குப் போய்ச் சொன்னபோது அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். கேட்டபடியே டிஷ்யூவை எடுத்து ஒவ்வொரு விரலாக நெய்யைத் துடைத்தார்.

“நீ தப்பு ஒண்ணும் பண்ணலியே அம்மிணி. ரூல்ல இருக்கறதைத்தானே பண்ணுன.”

“அந்தாளு தள்ளுனானுங்க சார். கை முதுகுல பட்டுச்சு.”

“எங்க பட்டுச்சு? படத்துல காட்டு, பாக்கலாம்.”

“மூலத்துல பட்டுச்சுங்க.”

“மூலம் எங்க இருக்குது?”

அழித்த பொத்தானை அமுக்கியதும் அவள் விரல்தான். படத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் படம் பொய் என்று சொன்னால் முதலில் உள்ளே போவது கையெழுத்துப் போட்டவர், அடுத்து உரிமம் போவது நிறுவனத்துக்கு, முப்பத்திரண்டு குடும்பத்துக்கு அடுப்பு எரியாது என்றெல்லாம் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கடைசியில் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று ஒரு நீண்ட விடுப்பும் எழுதிக் கொடுத்தார். கண்ணில் ஏதோ கோளாறு, வைத்தியத்துக்குப் போயிருக்கிறாள் என்று ஹாலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

வீட்டில் உட்கார்ந்திருந்த முதல் வாரம் அவளுக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆறு வருடத்தில் நானூற்றுச் சொச்சம் வழக்குகள். எத்தனை கை, எத்தனை முதுகு. பேருந்தில் ஒரு பெண்ணின் இடுப்புக்குப் பின்னால் நின்ற ஆள், காவல் நிலைய வராந்தாவில் கிழவன் கன்னத்துக்கு அருகே வந்த உள்ளங்கை, பள்ளிக்கூடப் படிக்கட்டில் சீருடைக் காலருக்குப் பக்கத்தில் ஐந்து விரல். எது மேலேறி மறைத்தது, எதை அவள் பிரித்தாள் என்று நினைவில்லை. 4417 மட்டும் அந்தப் பனியன் மடிப்பால் நினைவில் நின்றது. அமுங்கின துணியின் வளைவு பார்க்க அழகாக இருந்தது. எடுக்கும்போது கொஞ்சம் யோசித்தாள், அவ்வளவுதான். ஒருவனுடைய சாவு அழகான வளைவாக மனசில் தங்கியிருப்பதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

பூபதியின் மனைவி லோகேஸ்வரி திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் இருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சங்கவி போனது ஞாயிற்றுக்கிழமை காலை. யார் என்று சொன்னதும் அவள் திட்டவில்லை, கதவைச் சாத்தவில்லை. பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டாள். செக்கிங் கண் அவளுக்கு. துணியில் ஓட்டை தேடுவதுபோலவே எதிரே இருப்பவரையும் பார்ப்பாள்.

“அந்த வீடியோவ அப்படியே காட்ட வேண்டியதுதானுங்களே. எதுக்குங்க கோடு போடறது?”

“முன்ன அப்படித்தானுங்க காட்டுனாங்க. அப்புறம் மெசினே பொய் வீடியோ செய்ய ஆரம்பிச்சிருச்சு. எது நெசம், எது செஞ்சதுன்னு ஒருத்தருக்கும் தெரியலை. அதான் ஒரு மனுசன் பாத்து, வரைஞ்சு, கையெழுத்துப் போட்டுத் தரோணும்னு வச்சாங்க.”

“செரி. மூஞ்சி, நெறமெல்லாம் எதுக்குங்க எடுக்கறீங்க?”

“மூஞ்சியப் பாத்தா, நெறத்தப் பாத்தா, போட்டிருக்கற துணியப் பாத்தா, இன்ன ஆளு, இன்ன சாதின்னு நீதிபதி மனசு ஒரு பக்கம் சாஞ்சுரும்னு. கோட்டுல எல்லாரும் ஒண்ணுதானுங்களே.”

லோகேஸ்வரி சிரித்தாள். “அவரும் மகுடீஸ்வரனும் ஒண்ணாயிட்டாங்களாக்கும்.”

சிரிப்பு நின்றதும், எப்படித் தள்ளினான் என்று கேட்டாள். சங்கவி சொல்ல ஆரம்பித்தாள். லோகேஸ்வரி வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்து, சமையல் மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பி, முதுகு காட்டி நின்றாள். தள்ளிக் காட்டச் சொன்னாள். சங்கவி போய் நின்று கையைத் தூக்கினாள். கை பாதி வழியில் நின்றுவிட்டது. நைட்டிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஓர் இடைவெளி. எவ்வளவு என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கொண்டுபோய் முதுகில் வைத்து அமுக்கித் தள்ளினாள். லோகேஸ்வரி ஓர் எட்டு முன்னால் போய் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

“இவ்வளவுதானுங்களா,” என்றாள், திரும்பாமலே. “இவ்வளவு போதுமாட்ட இருக்குது.”

கொஞ்ச நேரம் கழித்து, வரைகிற நாலு நாளும் சங்கவி சாப்பிட்டாளா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றாள் சங்கவி. வரையும்போதா என்று கேட்டாள். ஆமாம் என்றாள். லோகேஸ்வரி வெளியே போய் வாசலில் காறித் துப்பி, குழாயில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தீட்டுப் பட்ட இடத்தைக் கழுவுகிற முகம் அவளுக்கு. பிறகு, மேல்முறையீடு போடப் போவதாகவும் சங்கவி வந்து இதையே சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு, போகும்போது சேரைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.

சங்கவி ஒத்துக்கொண்டாள். உள்ளே போனாலும் போகட்டும், இதைச் சொல்லாமல் இருந்தால் வாயில் இருக்கிற நெய் போகாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூலம் இல்லை. அந்த ஒன்பது படங்களைப் பார்த்த கண் உலகத்தில் அவளுடையது மட்டும். மகுடீஸ்வரன் கை பூபதி முதுகில் பட்டது என்பதற்கு இனி அவள் ஒருத்திதான் ஆதாரம்.

தை மாதம் வாக்குமூலம் எடுத்தார்கள். அறையில் ஒரு விசாரணை அதிகாரி, இரண்டு தரப்பு வக்கீல்கள், சிவப்புப் பட்டை அணிந்த ஒரு தபேதார், சுவரில் ஒரு கேமரா. மேல்முறையீட்டில் தீர்ப்புச் சொல்லப் போகிற மூன்று நீதிபதிகள் அங்கே இல்லை. சாட்சியை நேரில் பார்த்தால் மனம் சாயும் என்பதால், அவர்கள் எழுத்துப் பதிவைப் படிப்பார்கள், கோட்டுப்படத்தைப் பார்ப்பார்கள். தீர்ப்பு வருகிறவரை பழைய அலுவலகத்தில் யாரோடும் பேசக் கூடாது என்று சங்கவியிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அதிகாரி நல்ல பெண்மணி. தண்ணீர் கொடுத்தார், நிதானமாகக் கேட்டார். சங்கவி எதையும் மறைக்கவில்லை. ஏழாவது விதி, மடிப்பு, எலுமிச்சை சாதம்வரை எல்லாம் சொன்னாள். பட்டறைத் தரப்பு வக்கீல் எழுந்து, பத்து மாதத்துக்கு முன் ஊமையாகப் பார்த்த ஒன்றைத் துல்லியமாக நினைவு வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். முடியும், செய்தே காட்டுகிறேன் என்றாள். அதிகாரி தலையசைத்தார். தபேதார் வந்து கேமராவுக்குப் பக்கவாட்டாக நின்றார், பாவம், எதற்கு என்று தெரியாமல். சங்கவி பின்னால் போய் நின்றாள். இந்தத் தடவை கை பாதியில் நிற்கவில்லை. அவர் முதுகில் முழு உள்ளங்கையும் பதித்து, சட்டை அமுங்க அமுங்கத் தள்ளினாள். அவர் தடுமாறி மேசையைப் பிடித்தார். மேசை மேலிருந்த தண்ணீர் டம்ளர் உருண்டது.

“பட்டுதுங்களா?” என்று தபேதாரிடம் கேட்டாள்.

“நல்லாவே பட்டுதும்மா,” என்றார் அவர், முதுகைத் தடவிக்கொண்டே.

அழுகையும் வியர்வையுமாக மூக்கு ஒழுக அவள் வெளியே வந்தாள். வராந்தாவில் லோகேஸ்வரி நின்றிருந்தாள். பக்கத்தில் வரவில்லை, கையைப் பிடிக்கவில்லை. தலையை மட்டும் ஒருமுறை அசைத்தாள். அன்று சாயங்காலம் பல மாதம் கழித்து முதல் தடவையாகச் சங்கவிக்குப் பசித்தது. பேருந்து நிலையத்தில் நின்று இரண்டு பரோட்டா தின்றாள்.

பதினெட்டாவது நாள் காலை பதினொன்றரைக்கு, சாட்சியின் தகவலுக்காக என்று போட்டு, வாக்குமூலக் கோட்டுப்படத்தின் பிரதி ஒன்று அவள் ஸ்லேட் கணினிக்கு வந்தது. கீழே சின்ன எழுத்தில், பெயரில் பிழை இருந்தால் மட்டும் மூன்று நாளுக்குள் தெரிவிக்கவும் என்று இருந்தது.

அவள் ஓட்டிப் பார்த்தாள். முதல் பார்வைக்கு அந்தப் பெண் யாரென்றே தெரியவில்லை. நெற்றிச் சுருக்கம் இல்லை, கண்ணுக்குக் கீழே பை இல்லை, ஒழுகுகிற மூக்கு இல்லை. அழுத வாயை மூன்றே புள்ளியில் மடித்து, கிட்டத்தட்ட அமைதியாக்கியிருந்தது. மணிக்கட்டு இரண்டு புள்ளி. இந்த ஊரில் மணிக்கட்டை இரண்டு புள்ளியில் முடிக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள்.

தபேதார் வந்து நின்றார். பெண் பின்னால் போனாள், கையைத் தூக்கினாள், நீட்டினாள். கை நின்றது. முதுகு வேறு, கை வேறு என்று ஒரு குழப்பமும் இல்லாமல், நடுவே வெள்ளையாக இரண்டு விரல் இடைவெளி. தபேதார் தானாகவே முன்னால் ஓர் எட்டு வைத்தார். டம்ளர் உருளவில்லை; டம்ளரே இல்லை. அது அழுக்கில் போயிருந்தது.

அவள் ஸ்லேட்டைக் குப்புறக் கவிழ்த்தாள். எழுத்துப் பதிவில் பட்டது, பட்டது என்று அவள் இருபது தடவை சொன்னது இருக்கும். தபேதார் சொன்னதும் ஒரு வரியாக இருக்கும். நீதிபதிகள் அதைப் படிப்பார்கள், பிறகு படத்தைப் பார்ப்பார்கள். சாட்சியின் வாயும் கையும் ஒத்துப்போகவில்லை என்று எழுதுவார்கள். செய்து காட்டச் சொன்னபோது அவளாலேயே தொட்டுக் காட்ட முடியவில்லை என்று எழுதுவார்கள். அந்த வாக்கியங்கள் எப்படி வரும் என்று அவளுக்கு வரிவரியாகத் தெரிந்தது.

எழுதிக் கொடுத்ததை மீறி ஜெபராஜுக்குப் போன் போட்டாள். அவன் முதல் மணியிலேயே எடுத்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“அக்கா, கண்ணு எப்படியிருக்கு? வரைஞ்ச ஆளோட பேசக் கூடாதுன்னு தெரியும், இருந்தாலும் சொல்லுதேன். ஒங்க படம் எங்கிட்டதாம்க்கா வந்துச்சு. மூஞ்சியப் பாத்ததும் எனக்குக் கையே ஓடல. கோர்ட்டுல வரையறது எப்படின்னு சொல்லிக் குடுக்கப் போயிருக்கீயன்னு நெனச்சுக்கிட்டேன். ஒங்களப் போடுதோம், ஒரு பிசிறு இருக்கக் கூடாதுன்னு ஆறு நாள் உக்காந்து போட்டேன், பாத்துக்கிடுங்க.”

“அந்தக் கை, ஜெபா.”

“ஆமாக்கா, அதைத்தான் சொல்ல வந்தேன். பதினோரு படத்துல ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. நீங்களா இருந்தா திருப்பி அனுப்பியிருப்பீயல்லா. அதான் ரெண்டு விரல் அளந்து பிரிச்சுட்டேன். புது செக்கிங் ஆளு ஒரு தப்புக்கூட சொல்லல. பத்து நாப்பதுக்கு ஓகே ஆயி, மூலமும் போயிட்டு.”

அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. திட்டுவதென்றால் அவன் மேசையில் ஒட்டியிருக்கிற தாளில் கீழே போட்டிருக்கிற பெயரைத்தான் திட்ட வேண்டும். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தாள். அவன் சந்தோஷமாக வைத்தான்.

வைத்த மறுநிமிடம் திருப்பூரிலிருந்து போன். லோகேஸ்வரி தானாக அவளைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. படம் வந்துவிட்டதாக வக்கீல் சொன்னாராம்; தரப்புக்காரர்களுக்கு நாளைக்குத்தான் தருவார்களாம்; அதுவரை பொறுக்கவில்லையாம். பின்னால் தையல் மிஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

“பாத்துட்டீங்களா? கை பட்டிருக்குதுங்களா?”

சங்கவி வாயைத் திறந்தாள். நாக்கடியிலிருந்து அந்த நெய் வாசம் வழவழவென்று மேலே வந்தது. விழுங்கினாள், போகவில்லை.

“இல்லைங்க,” என்றாள்.